கந்தையா? கலிங்கமா?

திருச்சிராப்பள்ளியின் சத்திரம் பேருந்து நிலையத்தை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். மலைக்கோட்டைக்கு அண்மையில், ஒருபால் கல்லூரிகளும் மறுபால் கடைவீதிகளும் சூழ நிற்பது அது. திருவரங்கத்துக்கும் இலால்குடிக்கும் முசிறிக்கும் துறையூருக்கும் செல்வோர் அங்கேதான் கூடுவர், அங்கேதான் பிரிவர். சத்திரம் என்பது அறத்தின் பெயர். வழிநடையாக வந்தவனுக்குச் சோறும் படுக்க இடமும் தருவதற்கென்று எழுந்த கட்டடத்தின் பெயர். பழைய சத்திரங்கள் பலவற்றில் பந்தி ஒன்றாக இருந்ததில்லை என்பதும், உண்டவர் யார், எச்சில் இலை எடுத்தவர் யார் என்பதும் நாம் அறிந்த கதைகள்தாம். அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் நிலையம் புதிய கட்டடம் பெற்றது. சத்திரம் என்ற பெயர் மட்டும் பேருந்துகளின் நெற்றியில் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நிலையத்திலிருந்து சிறிது நடந்தால் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. பெரிய கடை வீதி. சின்னக் கடை வீதி. பட்டும் பருத்தியும் பளபளக்கும் செயற்கை இழையும் மாடி மாடியாக அடுக்கிக் கிடக்கும் அங்காடிகள். பொங்கல் வந்தால் தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாது. அதே தெருக்களின் ஓரத்தில், கடைகள் கதவடைத்த பிறகு, சாக்கை விரித்துப் படுப்போர் இருக்கின்றனர். மூட்டை சுமப்போர், பூ விற்போர், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர், வேலை தேடி வந்து வழி தெரியாது நிற்போர். மார்கழிப் பனியில் அவர்கள் போர்த்தியிருப்பது எது என்று குனிந்து பார்த்தவர்க்குத் தெரியும், துணிக்கும் கந்தைக்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பது.

கல்லூரி இளைஞர் சிலர் நம்மிடம் ஒரு கருத்தைக் கூறினர். நிலையத்தை ஒட்டிய தெருக்களிலும் திருவரங்கம், உறையூர்ப் பகுதிகளிலும் வீடு வீடாகச் சென்று, பயன்படுத்தாத ஆடைகளைத் திரட்டி, இல்லாதோர்க்கு வழங்கப் போகிறோம் என்றனர். நல்ல உள்ளம், நல்ல முயற்சி. ஆயினும் அவர்களுள் ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார்: “நமக்கு வேண்டாததைப் பிறர்க்குக் கொடுப்பது எப்படி அறமாகும்?” எளிதில் விடை சொல்லித் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவேதான் எழுதுகிறோம்.

‘அரசுதான் கொடுக்கிறதே, நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்பார்க்கு முதலில் ஒரு சொல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி, சேலைத் திட்டம் நல்ல திட்டம். ஏழைக்குப் பொங்கலாடை, நெசவாளர்க்கு வேலை என்று ஒரே கல்லில் இரண்டு கனி. பள்ளியில் சத்துணவு உண்ணும் பிள்ளைக்குச் சீருடையும் வருகிறது. அவற்றின் சிறப்பு, கொடுத்தவன் முகம் தெரியாது என்பது. வாங்கியவன் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. உரிமை என்று வாங்குகிறான். ஆனால் குடும்ப அட்டை வேண்டுமே! நடைபாதைக்கு அட்டை ஏது? அட்டை உள்ளவனுக்கும் ஆண்டுக்கு ஒரு வேட்டி போதுமா? குளிருக்குப் போர்வை, குழந்தைக்குச் சட்டை, பெண்டிர்க்கு உள்ளாடை ஆகியவை எந்தப் பட்டியலில் இருக்கின்றன? எனவே, செய்வதற்கு வேலை இருக்கிறது. எப்படிச் செய்வது என்பதே வினா.

பழந்துணி கொடுப்பதற்கு நம் நாட்டில் ஒரு பழஞ்சட்டம் உண்டு. மனுதருமம் பத்தாம் அத்தியாயத்தில் சூத்திரனுக்கு எதைக் கொடுக்கலாம் என்று வரையறுக்கிறது: மிஞ்சிய சோறு, நைந்த ஆடை, பதர் நீக்கிய குப்பைத் தானியம், பழைய தட்டுமுட்டுப் பொருள்கள். அதே அத்தியாயத்தில் சண்டாளர் எனப்பட்டோர்க்கு உடையாக விதிக்கப்பட்டது, பிணத்தின் மீதிருந்து எடுத்த துணி! இது ஏட்டில் மட்டும் உறங்கிய சட்டமன்று. பண்ணையாரின் கிழிந்த வேட்டி பண்ணையாளின் புது வேட்டியாக மாறிய வழக்கம் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் நடந்தது. அதைக் கொடுத்தவர் தம்மை வள்ளல் என்றே எண்ணிக்கொண்டார். வாங்கியவனும் ‘புண்ணியவான்’ என்று வாழ்த்தினான். வாழ்த்தாமல் என்ன செய்வான், பாவம்!

கொடுமை அதோடு நிற்கவில்லை. நல்லாடை வாங்க இயன்றபோதும் உடுக்க உரிமை இல்லை என்றனர். திருவிதாங்கூரில் நாடார் பெண்டிர் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிந்ததற்காக அடிபட்டனர், ஆடை கிழிக்கப்பட்டனர். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859 சூலை 26-ஆம் நாள் அந்நாட்டரசு வேறு வழியின்றி மேலாடைக்கு இசைவளித்தது. அப்போதும், மேற்சாதிப் பெண்டிர் உடுத்துவது போல் உடுத்தலாகாது என்ற முள்ளை உள்ளே வைத்தே இசைவு தந்தது. 1930 திசம்பரில் இராமநாதபுரத்துப் பகுதியில் ஆதிக்க வகுப்பார் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதித்ததை அட்டன் என்ற ஆங்கில அறிஞர் தம் நூலில் பதித்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக் கட்டக் கூடாது. சட்டையோ பனியனோ அணியக் கூடாது. பெண்கள் மேலுடம்பை இரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது!

எண்ணிப் பாருங்கள். துணி என்பது வெயிலுக்கும் குளிருக்கும் மட்டும் ஆன பொருளாக இருந்திருந்தால், பிறன் முழங்காலை அளந்து சட்டம் போடும் வேலை எதற்கு? ஒருவன் உடையைக் கண்டு அவன் நிலையை மதிப்பிடும் உலகம் இது. ஆகவே, உடையைக் கொடுப்பவன் ஒரு நிலையையும் சேர்த்தே கொடுக்கிறான்; உயர்த்தியும் கொடுக்கலாம், தாழ்த்தியும் கொடுக்கலாம்.

அப்படியானால் பழந்துணியே கொடுக்கலாகாது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரம் வேண்டாம். அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிறது. அக்காள் பாவாடையைத் தங்கை உடுத்துகிறாள். தாயின் பழஞ்சேலைதான் கைக்குழந்தையின் தொட்டில்; அதைவிட மென்மையான துணியை எந்த ஆலையும் நெய்ததில்லை. இவற்றில் இழிவு உண்டா? இல்லை. துணி பழையது என்பதால் மட்டும் மானம் போய்விடுவதில்லை. தம்பி, “இந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை” என்று முரண்டு பிடிக்கலாம். தங்கை, “எனக்குப் புதிதுதான் வேண்டும்” என்று அழலாம். அழுதால் அவளை நன்றிகெட்டவள் என்று எவரும் ஏசுவதில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே இருக்கிறது. பண்ணையாளுக்கு அது இல்லை. கந்தைக்கும் கலிங்கத்துக்கும் உள்ள வேறுபாடு நூலின் வயதில் இல்லை, வாங்குபவன் வாயில் ‘வேண்டாம்’ என்ற சொல் பிறக்க முடியுமா என்பதில் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

இந்தக் கருத்தை நாகைக் கடற்கரை நமக்குக் கற்பித்தது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடே பதறியது; உந்துவண்டிகள் உதவிப் பொருள்களோடு கடற்கரையை நோக்கி விரைந்தன. அவற்றுள் பல சுமந்து வந்தவை பழந்துணி மூட்டைகள். என்ன நடந்தது? மூட்டைகள் சாலையோரங்களில் அவிழ்த்துக் கொட்டப்பட்டன. குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தன, மண்ணில் புதைந்தன, மாடுகள் மிதித்தன. மீனவர் பலர் அவற்றைத் தொடவில்லை. துயர் துடைக்க வந்த பொருளே அகற்ற வேண்டிய குப்பையாகி, அள்ளுவதற்கு ஆள் தேட வேண்டிய நிலை உண்டாயிற்று.

“எல்லாம் இழந்த பிறகும் இவ்வளவு திமிரா?” என்று கேட்டவர் உண்டு. நாம் அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: அந்த மக்கள் யார்? நேற்று வரை தம் வலையால் ஊருக்கு உணவளித்தவர். யாரிடமும் கையேந்தி அறியாதவர். அவர்கள் இழந்தது படகு, வலை, வீடு, பெற்ற மக்கள். அவர்களிடம் போய், முன்பின் அறியாத ஒருவன் உடுத்திக் கழித்த கால்சட்டையை நீட்டினால், அதை வாங்க மறுக்கும் கை திமிர் பிடித்த கையா? கடலே வந்து அடித்தும் ஒடியாத முதுகெலும்பு அது. மேலும், அனுப்பிய துணிகளின் தன்மை என்ன? கடற்கரையின் வெக்கையில் உடுத்த இயலாத கம்பளிச் சட்டைகளும், பொத்தான் அற்றவையும், கறை படிந்தவையும் கலந்து கிடந்தன. வீட்டுப் பரணைக் காலி செய்யும் வேலைக்கு அறம் என்று பெயர் சூட்டியதன் விளைவு அது.

அந்தக் குவியல்களை அள்ளிச் சென்று தரம் பிரித்து வேறு வகைகளில் பயன்படுத்தும் பணியை ஏற்றவர், தில்லியைச் சேர்ந்த ‘கூஞ்ச்’ அமைப்பினர். அன்சு குப்தா என்பார் 1999-இல் தம் வீட்டிலிருந்த 67 ஆடைகளோடு தொடங்கிய அமைப்பு அது. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர்தம் முறை எண்ணத்தக்கது. ஆடையை இனாமாகத் தருவதில்லை. ஊரார் கூடித் தம் ஊருக்கு எது தேவை என்று முடிவு செய்து, கிணறு தோண்டுவர்; பாலம் கட்டுவர்; குளம் தூர் வாருவர். அந்த உழைப்புக்கு ஈடாக ஆடை தரப்படும். வாங்குபவன் இரவலன் அல்லன், உழைப்பாளி என்பது கொள்கை.

இதைப் பாராட்டுகிறோம், கும்பிட்டு வாங்கும் பழைய வழக்கத்தினும் இது பல படி மேலானது. எனினும் நமக்கு ஓர் ஐயம் உண்டு. உழைத்தவனுக்கு உரியது கூலி. கூலியைப் பணமாகத் தராது நெல்லாகவும் துணியாகவும் அளந்த காலத்தை நம் மக்கள் மறக்கவில்லை. அன்றியும், சத்திரம் நிலையத்தின் தூணருகே ஒடுங்கிக் கிடக்கும் எண்பது வயது மூதாட்டி எந்தக் குளத்தைத் தூர் வாருவாள்? உடம்பை மறைக்கும் துணிக்கு ஈடு கேட்பது முறையா? மனிதராகப் பிறந்ததே அதற்குப் போதுமான விலை அன்றோ! ஊருக்கு ஒரு முறை பொருந்தும். நடைபாதைக்கு வேறு முறை வேண்டும்.

ஈகை என்றவுடன் நம் புலவர்கள் பேகனை இழுத்து வந்து நிறுத்துவார்கள். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தானாம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்ற புகழ் அதனால் வந்தது. மயில் நடுங்கியதா? கார் கண்டு ஆடிற்று! இயற்கையே நெய்து கொடுத்த தோகையை உடையது அது. போர்வையை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கொடுத்தவன் உள்ளம் குளிர்ந்தது. பெற்றதன் உடல் குளிர்ந்திருந்ததா என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. புறநானூறு இன்னொன்றையும் சொல்கிறது. இதே பேகனால் கைவிடப்பட்டு, அவன் மனைவி கண்ணகி வீட்டில் கண்ணீர் வடித்திருந்தாள். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நால்வர், பரிசில் வேண்டாம், அவள் துயர் தீர் என்று அவனிடம் மன்றாடினர். மயிலைப் பாடுவோர் இந்த நால்வரையும் சேர்த்தே பாட வேண்டும் என்பது நம் விருப்பம். கண்முன் நின்ற தேவையைக் காணாத கண், காட்டு மயிலைக் கண்டது!

பேகன்கள் இன்றும் இருக்கிறார்கள். சரிகை உதிர்ந்த திருமணப் புடவையை நடைபாதைக்காரிக்குக் கொடுப்பவர், ஒற்றைச் செருப்பைப் பையில் போடுபவர், இடுப்பளவு இருபத்தாறு உள்ள கால்சட்டையை மூட்டை தூக்கும் தோழருக்கு நீட்டுபவர். இவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே. இதை உங்கள் உடன்பிறந்தாள் மகனுக்குக் கொடுப்பீர்களா? கொடுப்பேன் என்றால் கொண்டு வாருங்கள். தயங்கினால், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல பயன்தான்.

வள்ளுவர் பேகனைப் போன்றாரை உவமையாக்கவில்லை. நட்புக்கு இலக்கணம் சொல்ல வந்தவர், ஆடை நழுவியவனுடைய கையை எடுத்துக்கொண்டார். நழுவிய நொடியில் கை ஓடுகிறது. யாரும் ஆணையிடவில்லை, மேடை போடவில்லை, மாலை கேட்கவில்லை. அந்தக் கை பிறருடையதன்று, அவனுடையதே என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உதவுபவனும் உதவி பெறுபவனும் ஒரே உடலின் உறுப்புகள் என்றால், அங்கே மேல் ஏது, கீழ் ஏது?

உறையூரை நினைக்காமல் இதைப் பேச முடியவில்லை. சத்திரம் நிலையத்திலிருந்து கூப்பிடு தொலைவு. கி.பி. முதல் நூற்றாண்டில் ‘பெரிப்ளூசு’ எழுதிய கிரேக்க வணிகன் ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணிகளைக் குறிக்கிறான். அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் முடிவு. உரோம நாட்டுச் செல்வர்க்கு உடுக்கத் துணி அனுப்பிய மண் இது. நெய்தவன் மட்டும் அரைத்துணியோடு நின்றான் என்பதே நம் நெசவு வரலாற்றின் சோகம். 1921 செப்டம்பர் 22-இல் காந்தியார் மதுரையில் மேலாடையைத் துறந்தார். எளியோரைப் போல் நாமும் இருப்போம் என்பது அவர் வழி. எளியோரும் நம்மைப் போல் உடுக்க வேண்டும் என்பது இன்னொரு வழி. நாம் பின்னதன் பக்கம்.

1953-இல் நெசவாளர் பட்டினியால் வாடியபோது, அறிஞர் அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். நெசவாளனுக்காக உண்டியல் குலுக்கியிருக்கலாம், பழந்துணி திரட்டியிருக்கலாம், செய்யவில்லை. அவன் பொருளை வாங்குங்கள் என்றனர். அவனை இரவலன் ஆக்காமல், விற்பவனாகவே நிமிர்ந்து நிற்க வைத்தனர். துணி திரட்டும் இளைஞர்கள் இதை உள்ளத்தில் கொள்ளலாம். வசதி படைத்த வீட்டாரிடம், ‘மூன்று பழஞ்சேலை வேண்டாம், ஒரு புதிய கைத்தறிச் சேலையோ போர்வையோ வாங்கித் தாருங்கள்’ என்று கேட்கலாம். 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்சு இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நெய்தவனுக்கும் கூலி, உடுப்பவளுக்கும் புத்தாடை. எல்லாரும் அப்படித் தருவார்கள் என்று நாம் கனவு காணவில்லை. இந்த மார்கழியில் நடுங்குபவனைச் சங்கம் வளரும் வரை காத்திரு என்று சொல்லவும் மாட்டோம். பழையதும் வரட்டும், நல்லதாக வரட்டும்.

இந்தச் சிக்கல் நம் ஊரோடு நிற்பதன்று. கானா நாட்டின் அக்ரா நகரில் ‘காந்தமாந்தோ’ என்றொரு பெருஞ்சந்தை; மேலைநாட்டார் கழித்த ஆடைகள் கப்பல் கப்பலாக வந்து குவியும் இடம். அந்த ஆடைகளுக்கு அம்மக்கள் இட்ட பெயர், ‘செத்த வெள்ளைக்காரன் துணி’! விற்க இயலாதவை குப்பைமேடாகிக் கடற்கரை வரை பரவுகின்றன. உருவாண்டா நாடு, எம் நெசவும் தையலும் வாழ வேண்டும் என்று பழந்துணி இறக்குமதிக்கு வரியை உயர்த்தியது; அதற்காக அமெரிக்கா 2018-இல் அந்நாட்டு ஆடைகளுக்குத் தந்திருந்த வணிகச் சலுகையை நிறுத்திவைத்தது. வாங்க மறுத்தால் தண்டனை என்பது பண்ணையாரின் சட்டம். அது கடல் கடந்தும் நடக்கிறது.

இனி, இளைஞர்களிடம் நாம் சொன்னவை. வாங்கும்போதே பாருங்கள், கிழிந்தது, கறைபட்டது என்றால் வாசலிலேயே பணிவோடு திருப்பிக் கொடுங்கள். கொடுப்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். வாங்கியதைத் துவைத்து, பொத்தான் தைத்து, தேய்த்து அடுக்குங்கள். கொடுப்பவர் பட்டியலைவிடக் கொள்பவர் பட்டியலை முதலில் எழுதுங்கள். நிலையத்தைச் சுற்றியிருப்போரிடம் ஒரு வாரம் முன்பே பேசுங்கள். கஜா புயல் 2018 நவம்பரில் காவிரிப் படுகையைச் சூறையாடியபோது, கூரை இழந்த மக்கள் துணியைவிடத் தார்ப்பாய் கேட்டார்கள். கேட்டவர்க்கே அது தெரிந்தது. இங்கே கைலியும் போர்வையும் துண்டும்தான் மிகுதியாக வேண்டியிருக்கும். சேலை குறைவாகவும், உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் எவரும் வாய்விட்டுக் கேளாததால் மிகுதியாகவும் தேவைப்படும். இவ்விரண்டும் புதிதாகவே இருக்க வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

ஐந்து ரூபாய் விலை வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். காசு கொடுத்து வாங்குபவன் கடைக்கு வந்தவன்போல் நிமிர்ந்து பேசுவான் என்பது உண்மை. ஆனால் அந்த ஐந்து ரூபாயும் இல்லாதவன் அந்தப் பக்கமே வரமாட்டான். அவனுக்காகத்தானே இந்த ஏற்பாடு! விலை வேண்டாம் என்றோம். வாங்கியதைச் சிலர் விற்றுவிடுவார்களே என்ற அச்சமும் எழுந்தது. விற்கட்டும்! சட்டையை விற்று அரிசி வாங்குகிறான் என்றால், அவனுக்கு அரிசிதான் முதலில் தேவைப்பட்டது என்று நமக்குத் தெரிகிறது. கொடுத்த பின்னும் பொருளைத் தொடர்ந்து காவல் காப்பவன் கொடுக்கவில்லை, இரவல் தந்திருக்கிறான்.

புகைப்படம் எடுக்கலாகாது. இதில் நண்பர்களுக்கும் நமக்கும் நெடுநேரம் வாதம் நடந்தது. படம் போட்டால் மேலும் பலர் கொடுக்க முன்வருவார்கள் என்றனர். வரக்கூடும். ஆயினும் அந்தப் படத்தில் நிற்பவன், என்றோ ஒரு நாள் வேலை கிடைத்து, மணம் முடித்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது, அந்தப் படம் அவன் மகள் கைக்கும் வரும். துணிகளைப் படம் எடுங்கள். அடுக்கிய அழகைப் படம் எடுங்கள். கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும் சேர்த்து எடுக்காதீர்கள்.

நேரம் எது? நண்பகல் வேண்டாம். ஊர் முழுவதும் பார்க்கும் நேரம் அது. அறிந்தவர் கண்ணில் படுவோமோ என்று பெண்கள் ஒதுங்கிப் போவார்கள். கடைகள் அடைத்து, கடைசிப் பேருந்துகள் கிளம்பும் நேரம் நல்லது. மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டாமல், கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அளவுப்படி பிரித்து வையுங்கள். ஆளுக்கு இன்னது என்று நீங்கள் எடுத்து நீட்டாமல், அவர்களே புரட்டிப் பார்த்து எடுக்க விடுங்கள். உடுத்திப் பார்க்க ஒரு மறைப்பும், அதனுள்ளே ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் வேண்டும். கண்ணாடிக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றனர். பெரிய கடை வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஓர் இரவுக்குத் தம் கடைக் கண்ணாடியைத் தர இசைந்திருக்கிறார்.